வாகீசன் எடுத்த பாடங்கள்

எங்கள் கட்டடத்தில் இருந்த தமிழ்த் தாய்மார் எல்லோருக்கும் ஆறு பாடங்களின் பெயர் தண்ணீர்பட்ட பாடு. இங்கிலிஷ், கல்குலஸ், அல்ஜிப்ரா, பிசிக்ஸ், கெமிஸ்ற்றி, பயோ. பதினேழாம் மாடி யோகமலர் அன்ரியின் மகன் வாகீசன் உயர்பள்ளியின் கடைசி வருடத்தில் எடுத்த பாடங்கள் இவை. எடுத்தான், எல்லாவற்றிலும் தொண்ணூறுக்கு மேல் வாங்கினான், பல்கலைக்கழகம் போனான், இப்போது டொக்டருக்குப் படிக்கிறான். அதற்குப் பிறகு உலகத்தில் வேறு பாடங்களும் உண்டு என்பதை எங்கள் கட்டடம் இருந்த சென் ஜேம்ஸ் ரவுணில் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

அவன் பாவம். எலிவேற்றரில் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு நிற்பான். தன் பெயரால் எத்தனை பிள்ளைகள் திட்டு வாங்குகின்றன என்பது அவனுக்குத் தெரியாது. தெரிந்தால் வீடு மாறியிருப்பான்.

என் அம்மா ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் வேலை செய்தார். கடையில் பால் கேட்பதற்குக்கூட என்னை முன்னால் தள்ளிவிடுகிறவர், கல்குலஸ் என்பதை மட்டும் நாக்குப் பிரளாமல் சொல்வார். அந்த ஆறையும் விரல்களை மடக்கி மடக்கித் தேவாரம் மாதிரிச் சொல்வார். கடைசி விரலில் பயோ வரும்போது என்னைப் பார்ப்பார். பயோ என்றால் டொக்டர். அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஒன்ராறியோவில் அப்போது பல்கலைக்கழகம் போக இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று, ஓ.ஏ.சி என்று சொல்லும் கடைசி வருடத்துப் பாடங்கள் ஆறு. மற்றது, பள்ளிக்கூட டிப்ளோமா. டிப்ளோமாவுக்குப் பாடத்துக்கு ஒன்றாக முப்பது கிறெடிற் சேர்க்க வேண்டும், அதற்குள் கட்டாயப் பாடங்கள் எல்லாம் அடங்கியிருக்க வேண்டும். ஆறைப் பற்றி எங்கள் கட்டடத்துக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. முப்பதைப் பற்றி ஒருவருக்கும் அக்கறை இருக்கவில்லை.

நான் பதின்மூன்று வயதில் வந்து ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவள். அன்றைக்குத் தந்த பாட அட்டவணையில் ஜிம் இருந்தது. அம்மா பேனையை வாங்கி அதற்கு மேலே ஒரு கோடு இழுத்தார்.

"விளையாட்டும் ஒரு பாடமோ? வாகீசன் எடுத்தவனோ?"

எடுக்கவில்லை. அதனால் எனக்கும் இல்லை. அந்த இடத்தில் ரைப்பிங் வந்தது. பிறகு ஒவ்வொரு வருடமும் பள்ளிக்கூடத்தில் பாடத் தெரிவுக்கு ஆலோசனை சொல்ல ஒரு புதுக் கவுன்சிலர் வந்தார். 'ஜிம்மை அடுத்த வருடம் பார்ப்போம்' என்று சொன்னவர் அடுத்த வருடம் இருக்க மாட்டார்.

இப்படியே தொண்ணூற்றாறாம் ஆண்டு பெப்ரவரி வந்து சேர்ந்தது. நான் ஜூன் மாதத்தை நினைத்துத்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அந்த நாட்களில் ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. வகுப்பில் கால் தன்பாட்டில் ஆடும். வீட்டில் ஜன்னலுக்கும் கதவுக்கும் இடையில் நடப்பேன், கீழ்வீட்டுக்காரர் தும்புத்தடியால் தன் முகட்டில் இடிப்பார். ஜூனில் டிப்ளோமா கையில் வந்தால் போதும், அந்தப் பள்ளிக்கூடத்துப் படியை இனி மிதிக்க வேண்டாம் என்பதுதான் என் ஒரே பிரார்த்தனை. டொக்டராவது அம்மாவின் பிரார்த்தனை. இரண்டும் ஒரே வழியில் போனதால் எங்களுக்குள் சண்டை இருக்கவில்லை.

பயோ வகுப்பில் இருந்தபோது கவுன்சிலர் கூப்பிட்டார். அந்த வருடத்துக் கவுன்சிலர், மேசைக்குக் கீழே பனிச்சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கம்பளிச் சொக்ஸோடு இருந்தார். நல்ல மனுசி. நல்ல மனுசிகள் கெட்ட செய்தி சொல்லும்போது குரலைத் தாழ்த்துவார்கள். அவர் தாழ்த்தினார்.

"உன்னிடம் கிறெடிற் போதுமான அளவு இருக்கிறது. ஆனால் உடற்கல்வி இல்லை. அது கட்டாயம். அது இல்லாமல் ஜூனில் உனக்கு டிப்ளோமா தர முடியாது."

இரவுப் பள்ளியில் எடுக்கலாமா என்று கேட்டேன். அங்கே ஜிம் இல்லையாம். கோடையில் எடுத்தால் பல்கலைக்கழகத்துக்கு முடிவு நேரத்துக்குப் போய்ச் சேராதாம். இப்போது சேரக்கூடியது ஒன்பதாம் வகுப்புப் பெண்களின் ஜிம் மட்டும்தான். அது மூன்றாம் பாடவேளை. மூன்றாம் பாடவேளையில் எனக்கு இருந்தது பயோ.

"வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்" என்றார்.

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. அம்மா வேலைக்குப் போக வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார். சொன்னேன். அவர் பள்ளிக்கூடத்தைத் திட்டவில்லை, என்னைத் திட்டவில்லை, நேரே தொலைபேசியை எடுத்தார்.

"யோகமலர் அக்கா, வாகீசன் ஜிம் செய்தவனே?"

அந்தப் பக்கம் யோகமலர் அன்ரி கதைத்தது எனக்கே கேட்டது. அவருடைய குரலுக்குத் தொலைபேசி ஒரு ஆடம்பரம்.

"அவன் இஞ்ச வந்து செய்யேல்லை. பதினேழு வயசில வந்தவனெல்லே. ஊரில படிச்ச வருசங்களைக் கணக்கில எடுத்து, ஜிம்மும் செய்ததெண்டு போட்டு விட்டவங்கள். ஏன், என்ன பிரச்சினை?"

அம்மா ஒன்றுமில்லை என்று சொல்லி வைத்துவிட்டார். இத்தனை வருடமும் நான் அச்சொட்டாகப் பின்பற்றியது, என் கணக்கோடு பொருந்தாத ஒருவனுடைய கணக்கை. சின்ன வயதிலேயே நேரத்தோடு வந்தது அதிர்ஷ்டம் என்றுதான் எங்கள் வீட்டில் எப்போதும் பேச்சு. நேரத்தோடு வந்ததால்தான் எனக்கு ஊர்க் கணக்கு ஒன்றும் இல்லை.

ஆனால் அம்மாவின் முகம் வெளித்துவிட்டது.

"அப்ப உனக்கும் போடலாம்தானே. நீயும் ஊரில ட்ரில் செய்தனிதானே. நாளைக்கு நான் வந்து கதைக்கிறன்."

"அம்மா, அது சின்ன வகுப்பில. அது கணக்கில வராது."

"ஆர் சொன்னது? கேட்டால்தானே தெரியும்."

அடுத்த நாள் கோயிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டி, அதற்கு மேல் குளிர்க்கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். கவுன்சிலர் கதிரையைக் காட்டினார். அம்மா இருக்கவில்லை. நின்றபடியே கதைத்தார், நான் மொழிபெயர்த்தேன். கட்டடத்தில் பாதிப் பேருக்கு இந்த வேலையைச் செய்து எனக்குப் பழக்கம். சொல்வதில் எதை விடவேண்டும், எதைக் கூட்டவேண்டும் என்று தெரியும்.

"இவள் நூறு மீற்றரில முதலாவதா வந்தவள் எண்டு சொல்லு."

சொன்னேன். கவுன்சிலர் சந்தோஷப்பட்டார். ஆனால் ஒன்பதாம் வகுப்புக்கு முந்தியது எதையும் எடுக்க முடியாது என்றார்.

"கப்பும் கிடைச்சது. வீட்டோட அழிஞ்சு போட்டுது."

அதையும் சொன்னேன். கவுன்சிலர் வருந்தினார். முடியாது என்றார்.

அம்மா குரலை உயர்த்தாமல் சொன்னார். "பொம்மர் குண்டு போட வரேக்க இவளைக் கையில பிடிச்சுக்கொண்டு எத்தினை தரம் ஓடினனாங்கள். வயலுக்குள்ளால, சேத்துக்குள்ளால. கடைசியில என்னை இழுத்துக்கொண்டு ஓடினது இவள்தான். அந்த ஓட்டம் போதாதோ எண்டு கேள்."

"அம்மா என்ன சொல்கிறார்?" என்று கவுன்சிலர் கேட்டார்.

"நான் நல்லா ஓடுவேன் என்று சொல்கிறார்" என்றேன்.

கவுன்சிலர் சிரித்தார். அப்படியானால் ஜிம்மில் நல்ல புள்ளி வரும் என்றார். பிறகு அட்டவணையைத் திருப்பி வைத்து விரலால் காட்டினார். மூன்றாம் பாடவேளையில் பயோவை விட்டு ஜிம். நான்காம் பாடவேளை எனக்கு வெறுமையாக இருந்தது, அதில் வேறொரு ஓ.ஏ.சி. அப்படிச் செய்தால் ஆறும் சரி, டிப்ளோமாவும் சரி.

"பயோவை விடேலாது" என்றார் அம்மா. பயோ என்ற சொல்லை மட்டும் அவர் மொழிபெயர்ப்பில்லாமல் பிடித்துவிட்டார். "அதை விட்டா டொக்டர் இல்லையெல்லே. நீ யூனிவேர்சிற்றிக்குப் போட்ட மூண்டு அப்ளிகேசனில ரண்டு வீணெல்லே."

"பயோ இருந்து டிப்ளோமா இல்லாட்டி மூண்டும் வீண்!" என்று கத்திவிட்டேன். "இன்னொரு வரியம் இஞ்ச இருக்க என்னால ஏலாதம்மா. விசர் பிடிச்சிடும். வாகீசனுக்கு ஒரு கணக்கு, எனக்கு ஒரு கணக்கு. அதை ஏன் உங்களுக்கு விளங்கேல்லை?"

வெளியில் நின்ற பெடியன்கள் கண்ணாடிக் கதவால் எட்டிப் பார்த்தார்கள். அம்மா அப்போதுதான் கதிரையில் இருந்தார். கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஏதோ நீண்ட தூரம் நடந்து வந்தவர் மாதிரி மூச்சு வாங்கினார். எனக்குக் கத்தியது கவலையாகவும் இருந்தது, இன்னும் கத்த வேண்டும் போலவும் இருந்தது.

"சரி, விடு" என்றார் கடைசியில். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

கவுன்சிலர் சண்டை முடியும்வரை காத்திருந்து, என் பக்கம் திரும்பினார். "நான்காம் பாடவேளையில் நாலு பாடம் இருக்கிறது. சட்டம், உலகப் பிரச்சினைகள், சங்கீதம், குடும்பவியல். உனக்கு எது விருப்பம்?"

நான் அந்த நாலையும் பார்த்தேன். திரும்பவும் பார்த்தேன். உண்மையாகவே எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கல்குலஸில் எந்தக் கேள்வியைத் தந்தாலும் ஒரு வழி கண்டுபிடிப்பேன். இதற்கு எந்தப் பக்கத்தால் தொடங்குவது என்றே தெரியவில்லை.

"என்னவாம் கேக்கிறா?" என்றார் அம்மா.

"எனக்கு என்ன பாடம் விருப்பமாம்."

"அப்ப சொல்லன்."

"தெரியேல்லை."

"தெரியேல்லையோ? உனக்கு என்ன விருப்பமெண்டு உனக்குத் தெரியேல்லையோ?" அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப அஞ்சு வரியமா இஞ்ச வந்து என்னத்தைப் படிச்சனி?"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் இந்த இருவருக்கும் நடுவில் அழ வேண்டும். அதைவிட வாயில் வந்ததைச் சொல்வது மேல் என்று, "லோ" என்றேன்.

கவுன்சிலர் சட்டம் என்று எழுதினார்.

"ஏன் அது?" அம்மா விடவில்லை.

"வாகீசன் எடுக்கேல்லை."

அம்மா என்னைப் பார்த்தார். அடி விழும் என்று நினைத்தேன். வாயின் ஓரம் கொஞ்சம் கோணியது, சிரிப்பா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. "உனக்கு வாய் கூடத்தான்" என்றார். கோட்டைத் திரும்பவும் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்.

திங்கட்கிழமை மூன்றாம் பாடவேளைக்கு ஜிம்முக்குப் போனேன். பதினான்கு வயதுப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். எல்லோருக்கும் கட்டைக் காற்சட்டை, எனக்கு மட்டும் அம்மாவின் நிபந்தனைப்படி முழங்காலைத் தாண்டிய காற்சட்டை. அவர்கள் என்னைப் புது ரீச்சர் என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டார்கள். பிறகு விஷயம் தெரிந்து சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டேன்.

ரீச்சர் விசிலை ஊதி ஜிம்மைச் சுற்றி ஓடச் சொன்னார். ஓடினேன். ஊரைவிட்டு வந்த பிறகு அன்றுதான் ஓடினேன், பஸ்ஸுக்கு ஓடினதை விட்டுவிட்டால். முதல் சுற்றில் அண்ணாந்து முகட்டைப் பார்த்துக்கொண்டே ஓடினேன். மேலே விளக்குகள்தான் இருந்தன. பிறகு பார்க்கவில்லை. பயமில்லாமல் ஓடுவது இப்படியிருக்கும் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். ரீச்சர் திரும்ப விசில் ஊதினார், எல்லோரும் நின்றார்கள். எனக்கு நிற்க மனம் வரவில்லை. சுவரில் பிடித்துக்கொண்டு நின்றபோது, இத்தனை மாதமும் தன்பாட்டில் ஆடிய கால்கள் சும்மா இருந்தன.

சட்டமும் எடுத்தேன். அதில் ஒருவர் சொன்னதை இன்னொருவர் எப்படித் திரித்துச் சொல்கிறார் என்று பார்க்க வேண்டும். எனக்கு அது புதிதல்ல. வாதாடச் சொன்னால் ரீச்சர் என்னை இருத்துவதற்குத்தான் பாடுபட்டார். பிடித்திருந்தது என்று வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அதையும் எல்லோருக்கும் பாடமாக்கிவிடுவார்கள் என்று பயம்.

ஜூன் கடைசியில் முடிவு வந்தது. டிப்ளோமா உண்டு. பயோ கேட்காத அந்த மூன்றாவது விண்ணப்பத்துக்கு இடமும் உண்டு. அம்மா முடிவுத் தாளைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார். ஜிம் எது என்று கேட்டார், காட்டினேன். அந்தப் புள்ளியைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டுத் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். பயோவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்தக் கவலை அவருக்குப் போகவில்லை என்று எனக்குத் தெரியும். எனக்கும் அதில் கொஞ்சம் உண்டு.

அன்றைக்குப் பின்னேரம் நானும் அம்மாவும் போன எலிவேற்றரில் ரம்ஸியா அன்ரி ஏறினார். கொழும்பிலிருந்து வந்து ஒன்பதாம் மாடியில் குடியேறி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அவருடைய மகன் அகீல் செப்டெம்பரில் உயர்பள்ளிக்குப் போகிறான்.

"ஒங்கட மகள் பாஸ் பண்ணிட்டாவாமே. சந்தோஷம். எங்கட மகனுக்கு என்னென்ன பாடம் எடுக்கச் சொல்றது? ஒங்கட்ட கேக்கச் சொல்லித்தான் எல்லாரும் சொன்னாங்க."

அம்மா நிமிர்ந்து நின்றார். கை தானாக உயர்ந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"முதல் ஜிம்மைப் போடுங்கோ" என்றார். "அதை விட்டிடாதேங்கோ. பேந்து கடைசி வரியத்துக்கு இங்கிலிஷ், கல்குலஸ், அல்ஜிப்ரா, பிசிக்ஸ், கெமிஸ்ற்றி..."

விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. ஆறாவதில் நின்றார். என்னைப் பார்த்தார். மடக்கப் போன விரலை மடக்காமலே வைத்திருந்தார்.

"ஆறாவது?" என்று ரம்ஸியா அன்ரி கேட்டார்.

"அதை மகனைக் கேளுங்கோ."

"அவன் சின்னப் புள்ள. அவனுக்கு என்ன தெரியும்?"

"தெரியாதுதான்" என்றார் அம்மா. "எண்டாலும் கேளுங்கோ."