கடற்கரைப் பேச்சு

“ஓம் இல்ல. ஆமா.”

“ஆமா அக்கா.”

“‘வாறன்’ கிடையாது. ‘வாரேன்’. நல்லா இழு. நம்ம ஊர்ல பேச்சுக்கு அவசரமே கெடையாது.”

ரஞ்சினி இழுத்துப் பார்த்தாள். சாலோமிக்குச் சிரிப்பு வந்தது, நிற்கவில்லை. எழுந்துபோய் முன்கேட்டு பூட்டியிருக்கிறதா என்று மறுபடி பார்த்துவிட்டு வந்தாள்.

ரஞ்சினி போன மழைக்காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து படகில் வந்தவள். போதகர் கேட்டுக்கொண்டதால் பின்கட்டு அறையைக் கொடுத்தார்கள். தெருவில் கேட்டவர்களிடம் இடிந்தகரைப் பெண், பெயர் ரோஸ்லின் என்று சொல்லிவைத்தாள் சாலோமி. அப்போது அது விளையாட்டைப்போலத்தான் இருந்தது. ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்த மறுநாள் பாளையங்கோட்டையில் ஒரு கடை திறக்கவில்லை. டிவியில் சிதறிக் கிடந்த செருப்புகளைப் பார்த்து சாலோமி அழுதாள். அழுகை நின்றதும் நேராகப் பின்கட்டுக்குப் போனாள்.

“உந் தம்பியும் இதுல உண்டா?”

ரஞ்சினி அரிசி களைந்துகொண்டிருந்தாள். “தெரியேல்லை அக்கா.”

இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம்.

“அப்பாவை ஆமி ட்ரக்கில ஏத்தினதைப் பாத்துக்கொண்டு நிண்டவன். அண்டைக்குப் பின்னேரமே இயக்கத்துக்குப் போட்டான். பதினாறு வயசு.”

அன்றிலிருந்து சாலோமியால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. துவைத்ததையே துவைத்தாள். காலையில் இரக்கமாக இருப்பது மதியத்துக்குள் கோபமாகிவிடும். செத்தவர்களுக்கும் வீட்டில் யாராவது அரிசி களைந்து வைத்திருப்பார்கள். பதியாமல் தங்கியிருக்கும் இலங்கைக்காரர்களைப் போலீஸ் தேடியது. தம்பி இயக்கத்தில் இருப்பது தெரிந்தால் ரஞ்சினியை வேலூர்க் கோட்டை முகாமில் அடைத்துவிடுவார்கள் என்று பேச்சு.

கணவர் தேவதாசன் தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. “எனக்கு வேல போச்சுன்னா உன் இரக்கத்தையா வடிச்சுத் திங்க? ஞாயித்துக்கெழமைக்குள்ள அனுப்பிரு” என்றார்.

“எங்க அனுப்ப?”

அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு ஏட்டு பலவேசம் வந்தார். சாலோமி கேட்டைத் திறந்து, அவர் உள்ளே வந்ததும் பழக்கத்தில் மறுபடி பூட்டினாள். பூட்டிய பிறகுதான் அது உறைத்தது.

“எம் பொண்ணு உங்ககிட்டதான் படிச்சா டீச்சர். ஒண்ணுமில்ல. வீடு வீடா விசாரிக்கச் சொல்லியிருக்கு. குடியிருக்கது யாரு?”

“இடிந்தகரைப் பொண்ணு. ரோஸ்லின்.”

ரஞ்சினி தண்ணீர்ச் செம்போடு வந்தாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும் என்று பழக்கியிருந்தது.

“வீட்டுக்காரர் என்ன செய்யுதாரு?”

“கடலுக்குப் போறாரு.” குரல் நடுங்கவில்லை. ஏட்டு செம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது உள்ளேயிருந்து கருகல் வாடை வந்தது.

“ஐயோ, குசினியில பால்.” ரஞ்சினி ஓடினாள்.

அடுப்படி என்று சொல்லச் சாலோமி பழக்கியிருக்கவில்லை. எத்தனை சொற்களைத்தான் பழக்குவது.

ஏட்டு மீசையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். “குசினி. நான் உவரி ஸ்டேஷன்ல இருக்கையில அங்கன எல்லாரும் இப்பிடித்தாம் சொல்லுவாவ. எங்க போனாலும் கடக்கரைப் பேச்சு மாறாது பாத்தியளா.”

“ஆமா” என்றாள் சாலோமி. அவளும் சிரித்தாள். வேண்டியதற்கு அதிகமாகவே சிரித்தாள். மார்பில் இருந்த கல் இறங்கியதில் காலே தரையில் பாவவில்லை. அவரைப் பேசிக்கொண்டே கேட்டு வரை கொண்டுவந்தாள். மகள் கல்யாணம் எப்போது, மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்றெல்லாம் கேட்டாள். பூட்டு தொங்கியது. உள்ளே திரும்பி, பெயரை மறக்காமல், தெருவுக்கே கேட்கும்படி கூப்பிட்டாள்.

“ரோஸ்லின், திறப்ப எடுத்துட்டு வா.”

ஏழெட்டு மாதமாகத் தினமும் காதில் விழுந்த சொல். யாழ்ப்பாணத்தில் சாவிக்கு அதுதான் பெயர். சொன்ன வாய்க்கு அது அந்நியமாகவே இல்லை.

ஏட்டு வீட்டுக்குள் பார்க்கவில்லை. சாலோமியைத்தான் பார்த்தார். மண்டபம் அகதி முகாமில் டியூட்டி பார்த்து அவர் அந்தச் சொல்லைக் கேட்டதுண்டா என்று அவளுக்குத் தெரியாது.

“உங்களுக்கு எந்த ஊரு டீச்சர்?”

“இங்கனதான்” என்றாள். “பாளையங்கோட்டைதான்.” இருபது வருஷம் வகுப்பில் பேசிய குரல் யாரோ சொல்லிக் கொடுத்ததைப்போல ஒலித்தது.

ரஞ்சினி ஈரக் கையோடு படியிறங்கி வந்தாள். சாவியை நீட்டினாள். வாங்க ஒரு கையும் வரவில்லை. அதன் நுனியில் நீர் திரண்டு, விழாமல் நின்றது.