கேபிளின் மேல் போட்ட பழி

நம்ம இன்ஜினியருக்கு வேலை தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. வாய்தான் அவனுக்கு எதிரி. அன்று காலை அந்த வாய் சொந்த அக்கா புருஷனையே பதம் பார்த்துவிட்டது.

உர மூட்டை கட்டும் ஆலை அது. தராசு எடையைச் சொல்ல வேண்டும். பேனலுக்குள் இருக்கும் கன்ட்ரோலர் அதைக் கேட்டு, ஐம்பது கிலோ ஆனதும் உரம் கொட்டுவதை நிறுத்த வேண்டும். நடுவே நாற்பது மீட்டர் கேபிள். இரண்டு பக்கமும் பேசும் வேகம் ஒன்றாக இருந்தால்தான் பேச்சு நடக்கும். தராசின் வேகத்தைப் பார்த்து, கன்ட்ரோலரிலும் அதையே மாற்றிவிட்டு நிமிர்ந்தான். திரையில் எடை வரவில்லை. திரும்பவும் பார்த்தான்; எண்கள் அச்சு அசலாக ஒன்றாகத்தான் இருந்தன. பின்னால் மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். சுற்றிலும் வேலையாட்கள்.

"செட்டிங் எல்லாம் கரெக்ட் சார். கேபிள்தான் கோளாறு. கண்ண மூடிக்கிட்டு ஜாயின்ட் போட்டா இப்படித்தான்!"

கேபிள் போட்டவர் வேறு யாருமில்லை, மாமாதான். ஆலையின் எலக்ட்ரீஷியன். அவர் இழுத்த ஒயர் நூல் பிடித்த மாதிரி இருக்கும் என்பதால் ஆட்கள் அவருக்கு 'அளவுகோல்' என்றே பேர் வைத்திருந்தார்கள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், மேனேஜரைப் பார்த்துவிட்டு மென்று விழுங்கினார்.

"பாத்துத்தான் போட்டேன் மாப்ள... சரி, வேற இழுத்துடறேன்."

மெயினை அணைத்துவிட்டு ஏணியில் ஏறியவர், மதியம் வரை ஏறி இறங்கிப் புதுக் கேபிள் இழுத்தார். மெயினைப் போட்டதும் திரையில் எடை ஜம்மென்று வந்து நின்றது. ஆட்கள் கைதட்டினார்கள். மேனேஜர் மாமா பக்கம் திரும்பினார்.

"இனிமே பேனல் வேலையில நீங்க கை வைக்க வேணாம். லைட், ஃபேன் பாத்துக்கங்க, போதும்."

மாமா தலையாட்டிவிட்டுப் போனார்.

இன்ஜினியருக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. சுருட்டிப் போட்டிருந்த பழைய கேபிளின் இரு முனையிலும் மீட்டரை வைத்தான். கம்பி எங்கும் அறுபடவில்லை என்று பீப் அடித்தது. அடுத்த கம்பியும் பீப். உலுக்கிப் பார்த்தான், வளைத்துப் பார்த்தான், கேபிள் கல்லுக்குண்டாக இருந்தது. கையேட்டைப் புரட்டினான். வேகத்தை மாற்றினால் கன்ட்ரோலரை ஒருமுறை அணைத்துப் போட வேண்டும், அதுவரை பழைய வேகத்தில்தான் பேசும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அவன் அணைக்கவே இல்லை. கேபிள் மாற்ற மாமா மெயினை அணைத்தாரே, அதில்தான் எல்லாம் சரியானது. அடப்பாவி! அவனுக்குக் காது மடல் சுட்டது. அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல வெட்கமாக இருந்தது.

மாமா ஆலையின் பின்கட்டில் ஒரு பழைய பேனலைத் திறந்துவைத்து, ஒவ்வொரு ஸ்க்ரூவாக முறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் எதுக்கு மாமா?"

"எல்லாம் நான் போட்டதுதானே மாப்ள. ஒண்ணு தப்பாயிடுச்சுன்னா, மத்ததை எப்படி நம்பறது? காலையிலேர்ந்து கையே நடுங்குது."

"மாமா, கேபிள்ல ஒண்ணும் இல்ல. தப்பு என்னோடது." திக்கித் திணறிச் சொல்லி முடித்தான்.

நாலு அறை விழும் என்று எதிர்பார்த்து நின்றான். விழுந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். மாமாவின் முகம் மலர்ந்தது.

"அப்போ என் கை நல்லாத்தான் இருக்கா?" தன் விரல்களையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "வெளியில மூச்சு விடாத. எனக்குத் தெரிஞ்சா போதும். வளர்ற புள்ள நீ, பேரு கெட்டுடும்."

"சரி மாமா."

அப்பாடா என்று நெஞ்சு லேசானதும்தான், எவ்வளவு சட்டென்று அந்தச் 'சரி' வந்தது என்பது அவனுக்கு உறைத்தது. காலையில் செய்ததைத் தெரியாமல் செய்தான். இது? சீ, என்ன மனுஷன் நான் என்று தன்மேலேயே அருவருப்பு வந்தது.

மாமாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். மேனேஜர் முன்னால், வேலையாட்கள் முன்னால், ஒன்று விடாமல் சொன்னான். பக்கத்தில் மாமா, தானே குற்றவாளி போல, தலையைக் குனிந்தபடி நின்றிருந்தார்.