ஏறிய கோடு

எங்கள் மேலாளர் கொன்ஸாலோவுக்குக் கோடுகள் மீது கொள்ளைப் பிரியம். சான்டியாகோ தலைமை அலுவலகத்திலிருந்து எங்கள் டெமுக்கோ கடைக்கு வரும்போதெல்லாம், எங்கள் ஊரில் இணையம் வழியாக எது எவ்வளவு விற்றது என்று சுவரில் படம் காட்டுவார். துணிக்கு ஒரு கோடு, மெத்தைக்கு ஒன்று, காலணிக்கு ஒன்று. பெருந்தொற்றுக் காலத்தில் மூன்றும் எகிறின. அது அடங்கியதும் துணியும் மெத்தையும் தொப்பென்று விழுந்தன. காலணி மட்டும் ஏறிக்கொண்டே போனது. ஏதோ தானே பெற்று வளர்த்த பிள்ளை போல மனிதர் பூரித்துப்போனார்.

வளர்த்தவள் எடெல்மிரா. காலணிப் பிரிவில் இருந்தவள். எங்களுடையது மழை விடாத ஊர். சேற்றுக்காலோடு வருகிறவர்கள் முன்னால் மண்டியிட்டு, பூட்ஸை மாட்டிக் கழற்றி, பொருந்தும் அளவு கடையில் இல்லையென்றால் டேப்லெட்டில் அவளே ஆர்டர் போடுவாள். பார்சல் வீட்டுக்குப் போகும். விற்பனை இணையத்தின் கணக்கில் ஏறும். நான் துணிப் பிரிவு. அளவு இல்லையா, "இல்லைங்க" என்று அனுப்பிவிடுவேன்.

ஒருநாள் கொன்ஸாலோ எல்லோரையும் கூப்பிட்டார்.

"ஷூவெல்லாம் ஜனங்க இப்ப போன்லயே வாங்கிக்கறாங்க. இங்க எதுக்குத் தனியா ஒரு பிரிவு? எடுத்துடலாம்."

எடெல்மிரா டேப்லெட்டோடு அவர் முன்னால் ஓடினாள். மகளின் படிப்பு இந்த வேலையில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"சார், அந்த ஆர்டரெல்லாம் நான் போட்டதுதான் சார்."

"உணர்ச்சிவசப்படாதீங்கம்மா. புள்ளிவிவரம் பொய் சொல்லாது."

என்ன படிப்புப் படித்ததோ அந்த மண்டை! மறுவாரமே அவளை அனுப்பிவிட்டார். ஒழுங்காக உழைத்தவள் தெருவில், சோம்பேறி நான் கடையில்.

அடுத்த மழைக்காலத்தில் ஜனங்கள் எட்டிப்பார்த்து, போட்டுப் பார்க்க ஒரு பூட்ஸ்கூட இல்லாததால் சந்தைக்குப் போனார்கள். அங்கே எடெல்மிரா ஒரு பூட்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். காலணிக் கோடு குப்புற விழுந்தது. கொன்ஸாலோ அலறியடித்துக்கொண்டு வந்தார். அவள் போன் நம்பரைக்கூட வைத்திருக்கவில்லை, வெட்கமில்லாமல் என்னிடம் கேட்டார். என் போனிலேயே ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன்.

"எடெல்மிரா, டெமுக்கோவுல இணைய விற்பனை திடீர்னு படுத்துடுச்சு. என்ன காரணம்னு உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

பின்னால் சந்தை இரைச்சல். யாருக்கோ "இந்தக் காலைக் குடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு அவள் பேசினாள்.

"உங்க இணையமே நான்தானே சார். நீங்கதானே வெளிய போகச் சொன்னீங்க."