மீன்கள் வராத திரை

அக்கா இருந்தவரை தங்கையால் அந்த மீன்களை ஒருமுறைகூட முழுதாகப் பார்க்க முடிந்ததில்லை. முன்னறையில் ஒரே கம்ப்யூட்டருக்கு முன்னால் இரண்டு நாற்காலி போட்டு, பாடப்புத்தகங்களுக்குப் பக்கம் அமைப்பதுதான் இருவருக்கும் பிழைப்பு. தங்கை தட்டுவாள், அக்கா பிழை பார்ப்பாள். தங்கையின் கை கொஞ்சம் ஓய்ந்தால் போதும், ஸ்கிரீன் சேவர் வந்துவிடும். நீலத் தண்ணீர், குமிழிகள், ஓரத்திலிருந்து தலைநீட்டும் ஒரு மஞ்சள் மீன். அதன் வால் உள்ளே வருவதற்குள் அக்கா எட்டி மவுஸைத் தட்டிவிடுவாள்.

"மீனைப் பாத்துக்கிட்டு இருந்தா வேலை முடிஞ்ச மாதிரிதான்!"

வேலை விஷயத்தில் அவள் ராட்சசி.

அக்கா இறந்த பிறகு பழைய கம்ப்யூட்டரும் படுத்துவிட்டது. தங்கை புதிது வாங்கினாள். அதில் எல்லாம் இருந்தது, மீன்கள் மட்டும் இல்லை. சும்மா விட்டால் திரை கறுத்துப்போகும். அந்தக் கறுப்பில் தன் முகம் மட்டும் தனியாகத் தெரிவதைத் தங்கையால் தாங்க முடியவில்லை.

ரிப்பேர்காரரைக் கூப்பிட்டாள். காதில் ஸ்குரூ டிரைவரைச் செருகிக்கொண்டே திரிகிற மனிதர். "இந்தக் காலத்து மெஷின் மேடம், அதையெல்லாம் லேசுல ஏத்துக்காது" என்று முனகினார். முனகிக்கொண்டே பழைய டிஸ்க்கிலிருந்து மீன்களை எடுத்துப் போட்டும்விட்டார். ஓட்டிக் காட்டியபோது மஞ்சள் மீன் எட்டிப் பார்த்தது.

"அஞ்சு நிமிஷம் யாரும் தொடாம இருந்தா தானா வரும்."

வரவில்லை. தங்கை கையைக் கட்டிக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தாள். பாதி முடிந்த பக்கம்தான் அப்படியே நின்றது.

மறுநாள் மத்தியானம் ரிப்பேர்காரர் திரும்ப வந்து, எதையெதையோ திறந்து பார்த்தார்.

"யாரும் தொடலன்னு நீங்க சொல்றீங்க. ஆனா அஞ்சு நிமிஷம் ஆகறதுக்குள்ள யாரோ மவுஸை அசைக்கறாங்கன்னு மெஷின் சொல்லுதே."

மவுஸைப் பிடுங்கினார். கீபோர்டையும் பிடுங்கினார். இருவரும் மேசையை விட்டுத் தள்ளி நின்றார்கள். கொஞ்ச நேரம் கழித்துத் திரையில் இருந்த அம்புக்குறி மெல்ல அசைந்தது.

ரிப்பேர்காரர் அப்போதே கிளம்பிவிட்டார். "மெஷினை மாத்திடுங்க" என்பதை வாசலுக்குப் போனபிறகுதான் சொன்னார்.

தங்கை வாசல் பக்கம் திரும்பினாள். அவளும் ஓடியிருப்பாள். அதற்குள் அம்புக்குறி பக்கத்தின் அடிப்பகுதிக்கு இறங்கி அங்கேயே நின்றது. அங்கே பக்க எண் விட்டுப்போயிருந்தது.

"அக்கா?"

பயந்துகொண்டே மவுஸையும் கீபோர்டையும் திரும்பச் செருகி, எண்ணைப் போட்டாள். அம்புக்குறி அடுத்த பக்கத்துக்குப் போனது. அவள் அழுதாள், அழுகையோடு சிரிப்பும் வந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் மறுபடி பேச்சுச் சத்தம் கேட்டது. பேசியது ஒரு குரல்தான். "இது சரியாக்கா?" என்று கேட்பாள், அம்புக்குறி தப்பைக் காட்டும். மீன்களை அவள் மறந்தே போனாள். தனியாக இல்லை என்பதே அவளுக்குப் போதுமாக இருந்தது.

ஒருநாள் சாயங்காலம் தலைவலி மண்டையைப் பிளந்தது. கணக்குப் பாடப்புத்தகம் ஒன்றைப் பதிப்பகத்தில் அவசரமாகக் கேட்டிருந்தார்கள். கொஞ்சம் சாய்ந்து கண்ணை மூடினாள். திறந்தபோது அம்புக்குறி ஒரு வரியின் கீழ் ஆடிக்கொண்டிருந்தது. திருத்தினாள். மறுபடி சாய்ந்தாள். மறுபடியும் அது ஆடியது.

"செத்தும் என்னை நிம்மதியா விட மாட்டியா? கையை எடுக்கா!"

அம்புக்குறி நின்றது.

ஐந்து நிமிடத்தில் திரை நீலமானது. மஞ்சள் மீன் தலையும் உடலும் வாலுமாக முழுதாக உள்ளே வந்து, ஆற அமர நீந்தி மறுபக்கம் போய் மறைந்தது. அழகாகத்தான் இருந்தது. பின்னாலேயே மற்ற மீன்களும் வந்தன. தங்கை அவற்றைக் கொஞ்ச நேரம்தான் பார்த்தாள்.

மவுஸைப் பிடித்து உலுக்கினாள். மீன்கள் கலைந்தன. கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தாள். மீன்கள் வந்தன.

"தலைவலில சொல்லிட்டேன்க்கா. சும்மா சொன்னேன். வாக்கா."

மீன்கள் வந்தன.

பிறந்ததிலிருந்து தங்கை சொன்ன ஒன்றையும் கேட்டிராத அக்கா, இதை மட்டும் கேட்டுவிட்டாள். தங்கை மறுபடி மவுஸை அசைத்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.