கூட்டமில்லாத நேரம்

மூணாம் நம்பருக்குக் கூட்டம் என்றாலே ஆகாது. கேட்டால் சிரிப்பார்கள், ஏனென்றால் அவள் பிழைப்பே கூட்டத்தோடுதான். பெரிய சூப்பர் மார்க்கெட் ஒன்றில் மூன்றாவது பில் கவுண்டர் அவளுடையது. அந்தப் பெயரும் அங்கே ஒட்டிக்கொண்டதுதான். காலையில் உட்கார்ந்தால் வரிசை வந்துகொண்டே இருக்கும். ஆனால் அந்தக் கூட்டத்துக்கும் அவளுக்கும் நடுவே ஒரு மேஜை இருக்கிறதே. கடற்கரையில் மேஜைக்கு எங்கே போவது?

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், எள் போட்டால் எள் விழாத கூட்டத்தில், அவளுடைய ஒரே மகள் வாலு அந்தக் கடற்கரையில் தொலைந்துபோனாள். குழந்தையின் கை அப்பாவிடம் இருக்கிறது என்று இவள் நினைத்தாள். இவளிடம் இருக்கிறது என்று அவர் நினைத்தார். கிடைத்துவிட்டாள், இல்லையென்று சொல்லவில்லை. முன்பின் தெரியாத ஒருவர் தோளில் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போனார். ஆனால் அதற்குள் இவளுக்குப் போன உயிர் முழுசாகத் திரும்பவே இல்லை. வாலுவோ தோளில் ஏறிய கதையைப் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரு சட்டம் வந்தது. கடையில் ஷிஃப்ட் மாறும்போது எழுந்திருக்கிறவள் "ஒப்படைச்சேன்" என்று சொல்ல வேண்டும். உட்காருகிறவள் "வாங்கிக்கிட்டேன்" என்று சொல்ல வேண்டும். பதில் வராமல் நாற்காலியை விட்டு நகரக் கூடாது. மூணாம் நம்பர் அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். குளிக்கப் போனால்கூட, குழந்தையைக் காட்டி, "ஒப்படைச்சேன்!"

"அது குழந்தையா, கல்லாப்பெட்டியா?" என்பார் கணவர். லிஃப்ட் பழுதுபார்க்கிறவர், அந்தரத்தில் தொங்கிக்கொண்டே ஜோக் அடிக்கிற ஆள். ஆனாலும் "வாங்கிக்கிட்டேன்" என்று சொல்லிவிடுவார். சொல்லாவிட்டால் வீடு இரண்டாகிவிடும்.

குழந்தைக்கும் ஒரு பாடம் இருந்தது. தலை வாரும்போதெல்லாம் பரீட்சை நடக்கும்.

"அம்மாவக் காணோம்னா என்ன பண்ணணும்?"

"ஆளுங்க இருக்கிற இடத்துல போய் நிக்கணும். பாப்பா வச்சிருக்கிற அம்மாகிட்ட சொல்லணும். இழுக்காதம்மா, வலிக்குது!"

கடற்கரைக்குப் போகவேண்டும் என்று வாலு ஒரு வருஷமாக உயிரை வாங்கினாள். கடைசியில் மூணாம் நம்பர் ஒரு வழி கண்டுபிடித்தாள். விடிகாலையில் நடைப்பயிற்சிக் கும்பல் வரும், ஆகாது. சாயங்காலத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. கடையில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, வெயில் கொளுத்துகிற வேலைநாளில், கவுண்டரில் உட்கார்ந்து கொட்டாவிதான் விட வேண்டியிருக்கும். அந்த நேரந்தான் சரி. கூட்டத்தின் ஜாதகம் தனக்குத் தெரியாதா என்று அவளுக்கு ஒரு மிதப்பு.

வாலுவுக்குப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம், கணவருக்கு லீவு. பஸ்ஸில் அவள் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டதுபோல் தவித்தாள். பையைத் திறந்தாள், மூடினாள். துண்டு, தண்ணீர் பாட்டில், தொப்பி எல்லாம் இருக்கின்றனவா என்று மறுபடி திறந்தாள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் யார் ஏறுகிறார்கள் என்று எட்டிப் பார்த்தாள்.

"யாரும் வரல, பயப்படாதே. கடலாவது இருக்கான்னு போய்ப் பார்ப்போம்" என்றார் கணவர்.

கடல் இருந்தது. வேறு எதுவும் இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் ஈ காக்கை கிடையாது. ஐஸ் வண்டிகள் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தன. நீச்சல் காவலரின் உயர நாற்காலியில் ஒரு துண்டு மட்டும் தொங்கியது. மணல் செருப்பைத் தாண்டிச் சுட்டது.

"பார்த்தீங்களா? நான் சொன்னேன்ல?" என்று வெற்றியோடு சொன்னாள் மூணாம் நம்பர்.

ஆனால் உட்கார முடியவில்லை. கூட்டத்தில் பார்த்தபோது இந்தக் கடற்கரை இத்தனை பெரிதாக இல்லையே என்று தோன்றியது. வண்டி நிழலில் துண்டை விரித்தாள், சுருட்டினாள், இன்னொரு வண்டி நிழலுக்கு மாற்றினாள். அலையில் கால் நனைத்த வாலுவைப் பத்து தடவை மேலே கூப்பிட்டு, கடைசியில் நிழலிலேயே மணல்வீடு கட்டச் சொன்னாள். கணவர் தொப்பியை முகத்தில் கவிழ்த்துப் படுத்துவிட்டார். பாட்டில் காலியானது. குழாய் சாலையோரத்தில் இருந்தது.

"ஏங்க, ஒப்படைச்சேன்!"

காற்று இரைந்தது. பதில் வரவில்லை. ஒரு நிமிஷம் நின்றாள். கடற்கரையின் இந்தக் கோடியையும் அந்தக் கோடியையும் பார்த்தாள். இங்கே யார் இருக்கிறார்கள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு போக? ஒரு வருஷத்தில் முதல் தடவையாகப் பதில் வாங்காமல் நகர்ந்தாள்.

குழாயில் தண்ணீர் நூலாக வந்தது. நிரப்பிக்கொண்டு திரும்பியபோது தொப்பிக்கு அடியில் குறட்டை கேட்டது. மணல்வீடு பாதியில் நின்றது. வாலுவைக் காணவில்லை.

தொப்பியைப் பிடுங்கினாள். "ஏங்க! எழுந்திருங்க! எங்க அவ?"

"உன்கூட வரலையா?" என்று எழுந்தவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நேராகக் கடலுக்கு ஓடினார். பேண்ட் நனைய இடுப்பளவு தண்ணீரில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். அவள் கத்தினாள். போன வருஷம் ஒரு தடவைதான் கத்தினாள். அன்றைக்கு உடனே நூறு தலைகள் திரும்பின. "என்ன சட்டைம்மா?" என்று ஒருத்தி கேட்க, "சிவப்புச் சட்டைப் பாப்பா, சிவப்புச் சட்டைப் பாப்பா" என்று அது வாய்க்கு வாய் ஓடியது. அந்த மனிதர் தோளில் தூக்கி வந்தது அதைக் கேட்டுத்தான். இத்தனை நாளும் குழந்தையைத் தொலைத்தது கூட்டம் என்று மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தாள். தேடிக் கொடுத்ததும் அதே கூட்டம்தான் என்பது இந்த வெற்று மணலில் நின்று தொண்டை கிழியக் கத்தும்போதுதான் உறைத்தது. ஒரு தலைகூடத் திரும்பவில்லை. திரும்ப ஒரு தலை வேண்டுமே.

ஒரு செருப்பு எங்கோ கழன்றது. பொசுங்குகிற காலோடு ஓடினாள். வெகுதூரத்தில், பாறைகளுக்கு அந்தப் பக்கம் ஒரு கீற்றுக் கொட்டகை. அதிலிருந்து விசில் மாட்டிய ஒரு ஆள் வெளியே வந்தார், நீச்சல் காவலர். அவர் விரலைப் பிடித்துக்கொண்டு, இன்றைக்கும் சிவப்புச் சட்டையில், ஒரு சின்ன உருவம் நடந்து வந்தது.

"உங்க பொண்ணாம்மா? இந்த நேரத்துல யாராவது கடலுக்கு வருவாங்களா? நாங்களே சோத்துல கை வைக்கிற நேரம். தண்ணிக்குள்ள போயிருந்தா யாரு பார்ப்பா?"

அவள் மணலிலேயே உட்கார்ந்து வாலுவை இழுத்து அணைத்துக்கொண்டாள். முதுகில் ஒரு அடி வைத்தாள், அந்த இடத்திலேயே முத்தமும் கொடுத்தாள்.

"எங்கடி போன? ஏன் போன?"

"நீதான் காணாமப் போன! அப்பாவ எழுப்பினேன், எழுந்திருக்கல." வாலுவின் முகம் அழுகைக்குத் தயாரானது. "ஆளுங்க இருக்கிற இடத்துல போய் நிக்கணும்னு நீதானே சொன்ன. தேடித் தேடிப் போனேன். ஆளே இல்லம்மா."

மூணாம் நம்பர் வாய்விட்டு அழுதாள். ஓடி வந்து சேர்ந்த கணவர் சொட்டச் சொட்ட நின்றார். ஜோக் எதுவும் வரவில்லை. "என் மேலதான் தப்பு" என்றார்.

"நீங்க வாங்கிக்கிட்டேன்னு சொல்லல. நான்தான் போயிட்டேன்."

"சரி விடு. கிளம்பலாம், வா."

"இருங்க" என்றாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "கூட்டம் வரட்டும்."

வெயில் தாழ்ந்ததும் வந்தது. தார்ப்பாய்கள் விலகின, காவலர் நாற்காலியில் ஏறினார், பந்துகளும் குடைகளும் அழுகிற குழந்தைகளுமாக மணல் மறைந்தது. அவள் நடுக்கூட்டமாகப் பார்த்துத் துண்டை விரித்தாள். பக்கத்தில் இருந்தவளின் முழங்கை இடித்தது, பரவாயில்லை. வாலு முன்பின் தெரியாத பிள்ளைகளோடு அலையில் குதித்தாள். ஒரு பெரிய அலை வந்தபோது, மடியில் கைக்குழந்தை வைத்திருந்த ஒரு பருமனான அம்மா, யாரோடோ பேசிக்கொண்டே, எட்டி வாலுவின் சட்டையைப் பிடித்து இழுத்துக் கரையில் விட்டாள். பேச்சை நிறுத்தவே இல்லை. யார் பிள்ளை என்று திரும்பியும் பார்க்கவில்லை.

எழுந்து ஓடப் போன மூணாம் நம்பர் பாதியில் நின்றாள்.

"ஒப்படைச்சேன்" என்றாள் மெதுவாக.

"வாங்கிக்கிட்டேன்" என்றார் கணவர் பதறிப்போய்.

"உங்களுக்குச் சொல்லலங்க" என்றாள். அன்றைக்கு முதல் தடவையாகக் காலை நீட்டி உட்கார்ந்தாள்.