பதினொரு கையெழுத்து

சிறப்புத் தொகுப்புப் பிரிவின் காப்பாளருக்குப் பல்கலைக்கழகம் முழுக்கப் 'பூட்டக்கா' என்றுதான் பெயர். அவள் பிரிவிலிருந்து ஒரு தாளை எடுத்தாலும் அது இருந்த இடத்தில் மஞ்சள் சீட்டு ஒன்று வைக்க வேண்டும். என்ன பொருள், யார் சொல்லி எடுத்தது, காரணம் என்ன. அவளைக் கேலி செய்யாத பேராசிரியர் இல்லை. சீட்டு எழுதாமல் தப்பித்தவரும் இல்லை.

அன்று பதினோரு மணிக்குக் கண்காட்சி. கூடத்தில் ஒன்பது கண்ணாடிப் பேழைகள். பூச்சி அரித்த தாவரக் குறிப்பேடு, முதல் பட்டமளிப்பு விழா அழைப்பிதழ் என்று என்னென்னவோ இருந்தன. ஏழாவது பேழையில் மட்டும் ஒரே ஒரு தாள். நாற்பத்து மூன்று வருடங்களுக்கு முன் பதினொரு மாணவிகள் கொடுத்த மனு அது. பையன்கள் எட்டு மணி வரை உட்காரும் நூலகத்திலிருந்து பெண்களை நாலு மணிக்கே கிளப்பிவிட்டார்கள். எங்களுக்கும் எட்டு மணி வரை வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். ஓரத்தில் அன்றைய பதிவாளர் சிவப்பு மையில் பதில் எழுதியிருந்தார்: "அடுப்படியில் விளக்கு இருக்கிறது, அங்கே படிக்கட்டும். இந்தப் பதினொருவரையும் இனி உள்ளே விட வேண்டாம்."

மூன்றாவது கையெழுத்து பூட்டக்காவின் பெரியம்மாவுடையது. பெரியம்மாவை நூலகத்தில் விடவில்லை என்பது வரைக்கும்தான் வீட்டில் தெரியும். புத்தகம் திருடியிருப்பாள் என்று தாங்களே முடிவு கட்டிக்கொண்டார்கள். பூட்டக்காவின் அப்பா இன்றைக்கும் விருந்தாளிகளிடம் "இவங்கதான் எங்க வீட்டுப் புத்தகத் திருடி" என்று அறிமுகம் செய்து சிரிப்பார். பெரியம்மாவும் சேர்ந்து சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போதெல்லாம் பூட்டக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும். பெரியம்மா திருடியில்லை என்பதற்கு ஏழாம் பேழையில் சாட்சி இருக்கிறது என்று சொல்லி, இன்று இருவரையும் வரச் சொல்லியிருந்தாள்.

ஒன்பதரைக்குத் துணைவேந்தர் போன் செய்தார்.

"அந்த ஏழாம் பேழைத் தாளை எடுத்து உள்ள வெச்சிடுங்கம்மா."

"ஏன் சார்?"

"இன்னிக்கு என் மாமனார் படத்தைத் திறக்கிறோம். அந்தச் சிவப்பு மை யாரோடதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் சார். சீட்டுல காரணம்னு என்ன எழுதட்டும்?"

துணைவேந்தருக்கு மூக்கின் மேல் கோபம். "ம்? மாமனார் மானம் போயிடும்னு எழுதுங்க! போதுமா?"

"போதும் சார்."

பூட்டக்கா போனை வைத்தாள். அவளுக்கு முக்கால்வாசி கோபம், மீதி பயம்; பயமே இல்லை என்றால் பொய். தாளை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தாள். காலியான இடத்தில் மஞ்சள் சீட்டை வைத்தாள். பொருள்: பதினொரு மாணவிகளின் மனு. எடுக்கச் சொன்னவர்: துணைவேந்தர். காரணம்: மாமனார் மானம் போயிடும்.

பதினோரு மணிக்குக் கதவு திறந்ததும் கூட்டம் மற்ற எட்டுப் பேழைகளை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஏழாவதின் முன்னால் ஒரே சிரிப்பு. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த அப்பா சீட்டைப் படித்தார்.

"பார்த்தீங்களா, நம்ம திருடியோட சாட்சியும் திருட்டுப் போயிடுச்சு!"

பெரியம்மா இந்த முறை சிரிக்கவில்லை. கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, வாயை மூடுங்க," என்றாள் பூட்டக்கா. அப்பாவிடம் அவள் அப்படிப் பேசியதே இல்லை. பெரியம்மாவின் கையைப் பிடித்தாள். "பெரியம்மா, கண்ணாடிக்குள்ள வைக்கக் கூடாதுன்னுதான் உத்தரவு. படிக்கக் குடுக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லல. யார் கேட்டாலும் குடுக்கணும், அது இந்தப் பிரிவோட விதி. வாங்க, எழுதிக் கேளுங்க."

வாசிப்பு மேசையில் விண்ணப்பத்தை நீட்டினாள். 'பார்க்க வேண்டிய நோக்கம்' என்ற இடத்தில் பெரியம்மா நிதானமாக எழுதினாள்: என் கையெழுத்தைப் பார்க்க.

மனு மேசைக்கு வந்தது. பெரியம்மா மூன்றாவது பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு சிவப்பு மையை ஒருமுறை படித்தார். மறுபடியும் படித்தார்.

"இதை ஏன் எங்ககிட்ட சொல்லவே இல்ல?"

"சொன்னேன்," என்றாள் பெரியம்மா. "நீங்கதான் சிரிச்சீங்க."

அப்பாவால் அதற்குப் பிறகு தலைநிமிர முடியவில்லை. பூட்டக்காவுக்கு அவர் மேல் இரக்கமே வரவில்லை.

பின்னால் மாணவிகள் ஒவ்வொருவராக விண்ணப்பம் எழுத ஆரம்பித்தார்கள். எல்லோரும் கேட்டது அதே தாளை. வரிசை கூடத்தைத் தாண்டிப் போனபோது, படத்திறப்புக்கு ஆள் வராத துணைவேந்தர் தானே இறங்கி வந்தார். மஞ்சள் சீட்டைப் படித்தார், முகம் வெளிறியது. வாசிப்பு மேசைக்கு வந்து குரலை அடக்கிக்கொண்டு சொன்னார்:

"நாளைக்குக் காலையில உங்களுக்கு மெமோ வரும்."

பூட்டக்கா எழுந்து நின்றாள்.

"கையெழுத்துப் போட்டே குடுங்க சார். இந்த மனுவோட அதே பெட்டியில வெச்சுப் பத்திரமாப் பார்த்துக்கறேன்."