தட்டில் கலந்த சர்க்கரை

போனில் அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. "உன் விதை ஒண்ணுகூட பழுதில்லம்மா. அத்தனையும் முளைச்சிருச்சு. பக்கத்துக் காட்டுக்காரனுக்கு ஒரே வயித்தெரிச்சல்!"

ஆய்வகத்தில் நின்றிருந்த தங்கை எதிரிலிருந்த முளைப்புத் தட்டைப் பார்த்தாள்.

நாளானால் சூரியகாந்தி எண்ணெயில் காறல் வாடை ஏறும். அதற்குக் காரணமான நொதியே இல்லாத விதையை உருவாக்க ஆறு வருடம் மாடாய் உழைத்தவள் அவள். விதை கிடைத்ததும் சும்மா இருக்க முடியவில்லை. துறைத்தலைவர் பொறு என்றதைக் காதில் வாங்காமல் மூட்டையை அண்ணனிடம் கொடுத்துவிட்டாள். அண்ணனும் மறுபேச்சுப் பேசாமல் காடு முழுக்க விதைத்தார்.

விதையை முளைக்கவைத்துப் பார்க்கும் அந்தத் தட்டில் அவள் எப்போதும் சர்க்கரை கலப்பாள். அங்கே எல்லோரும் செய்வதுதான். போன வாரம் சர்க்கரை தீர்ந்துபோய், கலக்காமலே ஒரு தட்டு போட்டிருந்தாள். இன்று காலை பார்த்தால், அதில் முளைத்ததெல்லாம் இரண்டு இலையோடு நின்று வெளுத்திருந்தன. விதையின் கொழுப்பு கரையாமல் அப்படியே கிடந்தது. எண்ணெயைக் காறவைத்த அதே நொதிதான் கொழுப்பை உடைத்து முளைக்கு ஊட்டுகிறது. இத்தனை நாளும் ஊட்டியது அவளுடைய சர்க்கரை. மண்ணில் எவன் சர்க்கரை கலப்பான்? படித்த முட்டாள்!

அடுத்த பஸ்ஸைப் பிடித்தாள். அண்ணன் வாசலிலேயே நின்றிருந்தார், வாயெல்லாம் பல்லாக.

"அண்ணா, அது இதுக்கு மேல வளராதுண்ணா. என் தப்புதான். ஈரம் காயறதுக்குள்ள உழுதுட்டு பழைய விதையைப் போட்டுடு."

அண்ணன் முகம் செத்துவிட்டது. "பழைய விதையா? இனி எதுக்குன்னு நீதானே சொன்னே? செக்குக்கு அனுப்பிட்டேனே."

பின்னால் நின்ற அண்ணி உள்ளே போய், கட்டிலுக்கடியிலிருந்து ஒரு மூட்டையை இழுத்து வந்தார்.

"இதை மட்டும் அனுப்பல. அவருக்கே தெரியாது. தப்பா எடுத்துக்காதே. உன்னை நம்ப மனசு வரல."

அவள் ஒரு விதையை உரித்துக் கடித்தாள். ஒழித்துக்கட்டப் பாடுபட்ட அந்தக் காறல் லேசாக நாக்கில் ஏறியது. அந்த நொதி இதில் இருக்கிறது, இது வளரும். அண்ணி சொன்னது நியாயம்தான், ஆனாலும் வலித்தது.

"பாதிக் காட்டுக்கு வரும்" என்றார் அண்ணி.

அண்ணன் ஒரு கை அள்ளிப் பார்த்தார்.

"இது முளைக்குமா?"

கேட்டது அண்ணியிடம்.